தினம் நாலு லிட்டர்: தர்மபுரியில் என் பவளத் தொட்டி

முதலில் செத்தது நத்தை. மார்ச் கடைசி வாரத்தில் ஒரு காலை, கண்ணாடியில் பாசி மேய்ந்துகொண்டிருக்க வேண்டிய டர்போ நத்தை மணலில் மல்லாந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தேன். பள்ளி விட்டு வந்து பார்த்தால் மறுபடி மல்லாந்திருந்தது. மறுநாள் நாற்றம். அடுத்த பத்து நாளில் ஐந்து நத்தையும் போய்விட்டன. அதற்குப் பின்னால் பச்சை நட்சத்திரப் பவளம் சுருங்கிக்கொண்டது. லெதர் பவளம் காய்ந்த காளான் மாதிரி மெழுகு பூசிக்கொண்டு நின்றது. கோமாளி மீன்கள் இரண்டுக்கும் மட்டும் ஒன்றுமில்லை. கை தெரிந்தாலே தீனிக்கு முண்டியடித்தன.

நத்தை சாகிறது, பவளம் மூடுகிறது, மீன் துள்ளுகிறது. இந்த மூன்றையும் அன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறவள் நான். எழுதிப் பார்க்கவில்லை.

தொட்டி எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பென்னாகரம் சாலைப் பக்கம் எங்கள் வீடு. எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு இருநூறு கிலோமீட்டராவது ஆகும். தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே வடிகட்டும் தொட்டியையும் சேர்த்து, கல்லும் மணலும் பிடிக்கும் இடம் போக, 170 லிட்டர் தண்ணீர். கீழே இருக்கும் அந்தத் தொட்டியையும் சம்ப் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் சம்ப் என்றால் வாசலில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. "சம்ப்ல உப்பு கலக்கணும்" என்று நான் ஒருநாள் போனில் யாரிடமோ சொல்லப்போய், அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

மொத்தம் கால் டன் கனம். கடையில் விற்கும் இரும்பு ஸ்டாண்டுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, துருப் பிடித்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் கூடங்களில் ஓரம் உடைந்த பலகைகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, ஹாலோ பிளாக் அடுக்கின் மேல் போட்டு, நடுவில் தெர்மகோல் விரித்துத் தொட்டியை உட்கார வைத்தோம். ரசமட்டம் பார்த்தது வீட்டுக்காரர். அந்த ஒரு விஷயத்தில் இதுவரை எந்தக் குறையும் வரவில்லை, அதை அவர் அவ்வப்போது நினைவூட்டவும் செய்கிறார்.

கல்லை நானே வார்த்தேன். நிஜப் பவளக் கல்லைக் கடற்கரையிலிருந்து அள்ளி வர முடியாது, உயிர் இல்லாததாக இருந்தாலும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கடினப் பவளங்களையும் கடல் விசிறிகளையும் சேர்த்துவிட்டார்கள். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. "நாட்டுப் பவளம் இருக்கு, கம்மி விலை" என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போயின. அங்கே மிச்சமிருப்பதைப் பிய்த்து வந்து என் ஹாலில் வைத்துக்கொள்வதற்கு மனசும் இடம் கொடுக்கவில்லை.

அதனால் வெள்ளை சிமென்ட் ஒரு பங்கு, கிளிஞ்சல் நொறுங்கல் நாலு பங்கு, ஓட்டை விழுவதற்காகக் கல் உப்பு இரண்டு கை. கிளிஞ்சலுக்கு அலைய வேண்டியதில்லை. கோழித் தீவனக் கடையில் மூட்டையாகவே கிடைக்கும், முட்டைக் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்துக்குப் போடுவது. ஈர மணலில் குழி பறித்துக் கலவையைக் கொட்டி, இறுகியதும் எடுத்துத் தண்ணீர் டிரம்மில் ஊறப் போட்டேன். உப்பு கரைந்து ஓட்டை விழுந்துவிடும். சிமென்ட்டின் காரம் மட்டும் லேசில் போகாது. முதல் வாரம் பிஹெச் 11-க்கு மேல் காட்டியது. தண்ணீரை மாற்றி மாற்றி எட்டு வாரம் கழித்துத்தான் எட்டரைக்குக் கீழே இறங்கியது. அவசரப்பட்டுத் தொட்டியில் போட்டிருந்தால் எதுவும் பிழைத்திருக்காது. இந்தக் கல் பற்றிப் பின்னால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பவளங்கள் எல்லாமே மென்பவளங்கள். பெங்களூரில் தொட்டியிலேயே வளர்த்துத் துண்டு போட்டுத் தரும் ஒருவரிடம் வாங்கினேன். பட்டன் பவளம் ஒரு கொத்து, காளான் பவளம் மூன்று, பச்சை நட்சத்திரம் ஒரு விரல் அகலம், லெதர் ஒன்று. மீன்களும் தொட்டியில் பொரித்தவைதான். கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தினர் நன்றாகவே கைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய தேவையே இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "பவளம்னா செவ்வாய்க்கு மோதிரத்துல வெச்சுப் போடுறதா கண்ணு? இது என்ன, கத்திரிக்காய்ப் பூ மாதிரி ஆடுது?" என்றார். அது உயிருள்ளது, ஒவ்வொரு பூவும் ஒரு வாய் என்றதும் சேலை முந்தானையை இழுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதைப் பற்றித்தான்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போர்த் தண்ணீரில் புளோரைடு. பல்லில் காவி படிந்த ஒரு தலைமுறை இன்னும் ஊரில் நடமாடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது என்பது விதி. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் ஓடத் தொடங்கிய பிறகுதான் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. கடல் தண்ணீரிலும் இயற்கையாகவே லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் புளோரைடு இருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடலோடு எங்கள் ஊருக்கு இருக்கும் ஒரே உறவு அதுதான் போல.

கடல் தொட்டிக்குத் தண்ணீர் இரண்டு விதத்தில் வேண்டும். ஒன்று, உப்புக் கலவை கரைப்பதற்கு, லிட்டருக்கு 36 கிராம் அளவில். இதைத் தொட்டி தொடங்கும்போதும், வாரம் ஒருமுறை கொஞ்சம் மாற்றும்போதும் கரைக்கிறோம். இரண்டாவது, ஆவியாகும் தண்ணீருக்கு ஈடு செய்ய. இதில் உப்பு போடக் கூடாது, ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தண்ணீர் குறைந்ததும் உப்புத் தண்ணீரையே ஊற்றி, ஒரு மாதத்தில் தொட்டியை ஊறுகாய்ச் சாடி ஆக்கிவிடுகிறார்கள்.

ஏப்ரலில் எங்கள் ஹாலில் மதியம் 36 டிகிரி. தொட்டித் தண்ணீர் 29.5 வரை ஏறியது. பவளத்தின் உடம்புக்குள் குடியிருந்து சோறு சமைத்துப் போடும் நுண்பாசி, 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வீட்டைக் காலி செய்துவிடும். வெளுப்பது என்பது அதுதான். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டை, 12 வோல்ட் அடாப்டரில் மாட்டி, தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக வீசும்படி வைத்தேன். மறுநாள் 27. சென்னையில் இருக்கும் என் தம்பி வீட்டில் இதே ஃபேன் ஒரு டிகிரி இறக்கவே திணறுகிறது. அங்கே காற்றே ஈரம். இங்கே ஏப்ரல் காற்று துணி காய்வதற்கென்றே செய்த காற்று. கணக்குப் போட்டால் நாளைக்கு நாலு லிட்டர் ஆவியானால் இராப்பகலாக 110 வாட் சூட்டை அது எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டு ஃபேனும் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் ஆறு வாட். இதில் எனக்கு அவ்வளவு பெருமை. வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

அந்தப் பெருமைக்குள்ளேயே வினையும் இருந்தது. நாளைக்கு நாலு லிட்டர் ஆவியாகிறது என்றால் நாளைக்கு நாலு லிட்டர் ஊற்றுகிறேன். நாற்பத்திரண்டு நாளில் ஒரு முழுத் தொட்டி அளவு.

அப்போது இது உறைக்கவில்லை. பவளம் மூடிக்கிடக்கிறது என்றதும் நான் போனது காரத்தன்மைக்கு. பவளம் வளரக் கால்சியமும் காரத்தன்மையும் வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் பாடம். கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1300 அளவில், காரத்தன்மை 8 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு). மூன்றும் நல்ல எண்கள்தான். ஆனாலும் எட்டு போதாதோ என்று தோன்றியது. சமையல் சோடா நூறு லிட்டருக்கு மூன்று கிராம் போட்டால் ஒரு டிகேஹெச் ஏறும். என் தொட்டிக்கு ஐந்து கிராம். பத்து நாளில் எட்டிலிருந்து பதினொன்றரைக்கு ஏற்றினேன். பவளம் இன்னும் இறுக மூடிக்கொண்டது. எலும்புக்கூடு கட்டும் கடினப் பவளம்தான் இதைச் சுண்ணாம்பாக்கிச் செலவழிக்கும். என்னிடம் இருப்பது மென்பவளம், அதற்கு இந்தச் சோடாவில் பெரிய வேலையே இல்லை. நோயாளி வாய் திறக்கவில்லை என்று இன்னும் இரண்டு கரண்டி கஷாயம் ஊற்றியது மாதிரிதான் நான் செய்தது.

அப்புறம் விளக்கு. நீல வெளிச்சத்தைக் குறைத்தேன், கூட்டினேன், தூக்கிக் கட்டினேன். எந்த மாற்றமும் இல்லை.

அதற்கடுத்து உப்பின் அளவு மேல் சந்தேகம். இதில் மட்டும் ஒரு நல்லது நடந்தது. என் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலை வைத்து உப்பின் அளவைச் சொல்லும் கருவி) 35 காட்டியது, அதாவது கிலோவுக்கு 35 கிராம் உப்பு. ஆனால் அதைச் சுத்தத் தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்ததோடு சரி. பூஜ்ஜியத்தில் சரியாக இருப்பது 35-லும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தவிர, கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் சாதாரண உப்புக் கரைசலுக்குக் கோடு போட்டவை, கடல் நீருக்கு அல்ல. இதற்கு வீட்டிலேயே அளவுக் கரைசல் செய்துகொள்ளலாம். அயோடின் சேர்க்காத சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராம், சுத்தத் தண்ணீர் 963.5 கிராம். தண்ணீரையும் எடை போட்டே எடுக்க வேண்டும். இதன் ஒளிவிலகல், 35 உப்பு உள்ள கடல் நீரின் ஒளிவிலகலுக்குச் சமம். இரண்டு துளி விட்டு, கோடு 35-இல் நிற்கும்வரை திருகைத் திருப்ப வேண்டியதுதான். என்னுடையது ஒன்றரைப் புள்ளி தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் 35 என்று நினைத்தது நிஜத்தில் 33.5. ஒரு வாரத்தில் மெதுவாக ஏற்றினேன். சாவதற்கு இது காரணமாக இருக்காது என்று எனக்கே தெரியும், ஆனாலும் ஏதோ ஒன்றைச் சரிசெய்த திருப்தி.

மே மாதம் இரண்டாவது வாரம் ஆர்ஓ மெஷினுக்கு இலவச சர்வீஸ் என்று ஒரு தம்பி வந்தான். பழைய மெஷின் பிப்ரவரியில் பழுதாகி, நடுவில் புதிதாக ஒன்று மாட்டியிருந்தோம். சமையலறையில் மூடியைக் கழற்றி ஒவ்வொரு ஃபில்டராகத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இது செடிமென்ட்டுக்கா, இது கார்பன், இது மெம்பிரேன். இது காப்பர்."

"காப்பரா?"

"ஆமாக்கா, இது காப்பர் மாடல். செம்புக் குடத்துல தண்ணி வெச்சுக் குடிக்கிற மாதிரி. உடம்புக்கு நல்லதுன்னு எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க."

அம்மா ரொம்பச் சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மெஷின் மேல் குற்றமில்லை. அது மனிதர்கள் குடிக்கச் செய்தது. அட்டைப் பெட்டியில் பெரிதாகப் படமே போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குச் செம்பு விஷம். மீனுக்கு ஒட்டுண்ணி வந்தால் தனித் தொட்டியில் செம்பு மருந்து போடுவார்கள். மீன் தாங்கும், ஒட்டுண்ணி தாங்காது. அந்த அளவை நத்தையும் பவளமும் கூடத் தாங்காது. நத்தை சாகிறது, பவளம் மூடுகிறது, மீன் துள்ளுகிறது. விடை மார்ச் மாதமே மணலில் மல்லாந்து கிடந்திருக்கிறது.

இன்னொரு தப்பும் இருக்கிறது, இது முழுக்க என்னுடையது. பழைய மெஷின் இருந்தவரை அதன் தண்ணீரை, மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வழியாகவும் விட்டுத்தான் தொட்டிக்கு எடுத்தேன். அந்த ரெசின் இருந்திருந்தால் செம்பைப் பிடித்து வைத்திருக்கும். புது மெஷின் வந்ததும் டிடிஎஸ் 40 காட்டியது. போர்த் தண்ணீர் 1140. அதிலிருந்து நாற்பதுக்கு வந்திருக்கிறதே, போதாதா, ரெசின் விற்கும் விலைக்கு இது தேவையா என்று அதைக் கழற்றி வைத்துவிட்டேன். டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. இதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

வருஷா வருஷம் பிள்ளைகளிடம் நான் சொல்லும் இன்னொன்றும் அன்றைக்கு வந்து குத்தியது. புளோரைடு தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், மிச்சத் தண்ணீரில் புளோரைடு கூடத்தான் செய்யும்.  என் பவளத் தொட்டியும் அடுப்பில்லாமல் கொதிக்கும் ஒரு பாத்திரம்தான். பிப்ரவரி நடுவிலிருந்து மே இரண்டாவது வாரம்வரை நான் ஊற்றிய ஈடு தண்ணீர் சுமார் 240 லிட்டர். அத்தனையும் ஆவியாகிப் போனது. அது கொண்டுவந்த செம்பு ஒரு சொட்டும் ஆவியோடு போகவில்லை. ஃபேன் எவ்வளவு நன்றாக வேலை செய்ததோ அவ்வளவு வேகமாகச் செம்பு சேர்ந்திருக்கிறது.

செம்பு பார்க்கும் சோதனைக் கிட் வரவழைத்தேன். மெஷின் தண்ணீரில் நிறம் பளிச்சென்று மாறியது. தொட்டித் தண்ணீரில் மாறியதா இல்லையா என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் வாக்குவாதமே வந்தது. ஜன்னலோரம் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் மெல்லிய சாயல். மீதிச் செம்பு எங்கே? அந்தக் கல்லில். சுண்ணாம்புக் கல்லும் மணலும் செம்பை ஒட்டவைத்துக்கொள்ளும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். நான் எட்டு வாரம் ஊறப்போட்டு ஆசையாக வார்த்த கல். அதை எடுத்து வீசிவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்று பெங்களூர்க்காரர் சொன்னார். மனசு வரவில்லை.

இனி வேலை. சுத்தத் தண்ணீருக்குச் சமையலறை மெஷினை நம்பக் கூடாது என்று முடிவு செய்து தனியாக ஒன்று கட்டினேன். ஆர்ஓ சர்வீஸ் கடையிலேயே எல்லாப் பாகமும் சில்லறையாகக் கிடைக்கும். பத்து இன்ச் ஹவுசிங் மூன்று, 24 வோல்ட் பூஸ்டர் பம்ப், 75 ஜிபிடி (நாளைக்கு 75 கேலன்) மெம்பிரேன், அதன் வீடு, கழிவுக் குழாயில் மாட்டும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், கால் இன்ச் குழாய் ஐந்து மீட்டர். வரிசை: முதலில் செடிமென்ட், பிறகு கார்பன் பிளாக், பம்ப், மெம்பிரேன், கடைசியில் டிஐ. கார்பன் மெம்பிரேனுக்கு முன்னால்தான் வர வேண்டும், ஏனென்றால் இந்த முறை போர்த் தண்ணீரை விட்டுவிட்டு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தேன். அதில் குளோரின் இருக்கும், குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும். டிடிஎஸ் என் மீட்டரில் 260. போருக்குக் கால் பங்கு கூட இல்லை. ரெசின் அத்தனை நாள் கூடுதலாக உழைக்கும்.

டிஐ நிரப்புவதில் ஒரு சூட்சுமம். நிறம் மாறும் கலப்பு ரெசினைத்தான் வாங்க வேண்டும், புதிதில் நீலம், தீர்ந்தால் பழுப்பு. காலிக் கார்ட்ரிட்ஜில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அரிசி டப்பாவைத் தட்டுகிற மாதிரி தரையில் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். தளர்வாக இருந்தால் தண்ணீர் ஒரே பாதையை வெட்டிக்கொண்டு ரெசினைத் தொடாமலேயே போய்விடும். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும்படி நிற்க வைத்து மாட்ட வேண்டும். மெம்பிரேனுக்கும் டிஐக்கும் நடுவில் ஒரு டி-கனெக்டரும் சின்ன வால்வும் போட்டேன். நிறுத்தி வைத்த ஆர்ஓவை மறுபடி ஓடவிட்டால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் வரும் தண்ணீர் அழுக்காகத்தான் இருக்கும். அதை டிஐக்குள் விடாமல் அந்த வால்வு வழியாக வெளியே எடுத்து பக்கெட்டில் பிடிக்கிறேன். இது ஒன்றே ரெசின் செலவை நன்றாகக் குறைத்துவிட்டது. இப்போது மெம்பிரேனுக்குப் பின் 11, டிஐக்குப் பின் 0. கழிவுத் தண்ணீர் மாடித் தொட்டிக்குப் போகிறது, துணி துவைக்கவும் வாசல் தெளிக்கவும் ஆகிறது.

தொட்டித் தண்ணீரைக் கால் பங்கு வீதம் நாலு முறை, நாலு நாளுக்கு ஒருமுறையாக மாற்றினேன். ஒவ்வொரு முறையும் முக்கால் பங்கு மிஞ்சும் என்றால் நாலாவது முறைக்குப் பின் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆமாம், அவ்வளவுதான். அதனால் செம்பைப் பிடிக்கும் ரெசின் ஒரு பையும், நல்ல கரியும் சம்பில் தொங்கவிட்டேன். கல் கசியக் கசிய அது பிடிக்கட்டும் என்று. உப்புச் செலவைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். சோடா போடுவதை அன்றோடு நிறுத்தினேன். காரத்தன்மை தானாக எட்டரைக்கு வந்து நின்றுவிட்டது.

மூடிய பட்டன் பவளத்தில் அழுகிய முனைகளை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இதைச் செய்கிறவர்கள் தயவுசெய்து கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்துப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. வெட்டும்போது கண்ணில் தெறித்தாலோ, கையில் இருக்கும் காயத்தில் பட்டாலோ ஆஸ்பத்திரிதான். அந்தக் கல்லைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்வது இன்னும் மோசம், ஆவியோடு விஷமும் மூச்சில் ஏறும். வெட்டும் நேரத்தில் சமையலறைக் கத்தியைத் தேடாதீர்கள். தனியாக ஒரு பிளேடு, வேலை முடிந்ததும் குப்பை.

ஒன்பதாம் நாள் லெதர் பவளம் பாம்புச் சட்டை மாதிரி அந்த மெழுகுத் தோலை உரித்துப் போட்டது. பம்ப் வேகத்தை அதன் பக்கம் திருப்பியதும் உரிந்த தோல் மிதந்து போய், உள்ளே பழுப்பும் மஞ்சளுமாகப் புதுத் தோல். மூன்றாவது வாரம் பச்சை நட்சத்திரம் ஒரு ஓரத்தில் மட்டும் விரிந்தது. காளான்கள் மூன்றும் தப்பின. பட்டன் கொத்தில் பதினொன்றில் ஏழு மிஞ்சின.

நத்தை வாங்க மட்டும் பயம். ஒன்றே ஒன்றை ஜூலையில் வாங்கி விட்டேன். சோதனைக்கு ஒரு உயிரைப் பலி வைக்கிறோமோ என்ற உறுத்தலும் இருந்தது, அதனால் சுருண்டால் எடுத்துவிட வேறொரு வாளியில் புது உப்பு நீர் தயாராக வைத்திருந்தேன். அது முதல் இரவே கண்ணாடியில் மேலேறி, காலையில் ஒரு முழம் நீளத்துக்குப் பாசியைத் தின்று கோடு போட்டிருந்தது.

ஈடு தண்ணீரைக் கையால் ஊற்றுவதை விட்டுவிட்டுச் சம்பில் மிதவை வால்வு மாட்டியிருக்கிறேன். அதற்குத் தண்ணீர் கொடுப்பது ஒரு பத்து லிட்டர் கேன். பெரிய டிரம் வைத்தால் இரண்டு வாரம் கவலையில்லாமல் இருக்கலாமே என்று கேட்பார்கள். வால்வு மாட்டிக்கொண்டு திறந்தே நின்றால் டிரம் முழுக்க இறங்கிவிடும். பத்து லிட்டர் மொத்தமும் இறங்கினாலும் உப்பு 35-லிருந்து 33-க்குத்தான் போகும், அதைப் பவளம் பொறுத்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கேனை நிரப்புகிறேன், நிரப்பும்போது டிடிஎஸ் பார்க்கிறேன். மாதம் ஒருநாள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கரண்ட் இருக்காது. அன்றைக்கு இன்வெர்ட்டரில், சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிடர்ன் பம்ப் ஒன்று மட்டும் ஓடும், விளக்கு வேண்டாம். அதில் இதுவரை சிக்கல் வரவில்லை. மார்கழியில்தான் வேறு கவலை, ராத்திரியில் ஹால் 19 டிகிரி வரை இறங்கும், ஹீட்டர் வேண்டும். அதைத் தனித் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் மாட்டியிருக்கிறேன்.

நைட்ரேட் 5-லிருந்து 10-க்குள், பாஸ்பேட் 0.05 பக்கம். இரண்டையும் பூஜ்ஜியமாக்க ஒரு காலத்தில் முனைந்தேன். மென்பவளம் பட்டினி கிடந்து வெளிறியதுதான் மிச்சம். இப்போது மீனுக்கு நன்றாகத் தீனி போடுகிறேன், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரைக் கொஞ்சம் மட்டாக ஓட்டுகிறேன். வாரம் ஒருமுறை சோதனை, பதினைந்து லிட்டர் மாற்றம், அவ்வளவுதான்.

கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் மாதா மாதம் கோடு போடுகிறேன். ஆகஸ்ட்டில் ஒரு விரல் அகலமாக இருந்த பச்சை நட்சத்திரம் ஜனவரிக்குள் உள்ளங்கை அளவு. காளான் மூன்று ஒன்பதாகியிருக்கின்றன. பச்சை நட்சத்திரம் கல்லைத் தாண்டிப் பின் கண்ணாடியில் ஏறத் தொடங்கிவிட்டது. காளான்களின் மேல் படர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிளேடு எடுத்து அந்த ஓரத்தை உரிக்க வேண்டும், துண்டுகளுக்கு ஏற்கனவே இரண்டு பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சமையலறை மெஷினை மாற்றவில்லை. அம்மாவுக்கு அந்தத் தண்ணீர்தான் ருசி. அதன் குழாயில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன், நான் ஊரில் இல்லாத நாள் யாராவது அவசரத்துக்கு அதில் பிடித்துத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. டிஐ கார்ட்ரிட்ஜில் பழுப்பு பாதி உயரத்துக்கு ஏறியிருக்கிறது. அடுத்த ரெசின் சொல்லியாகிவிட்டது, ஏப்ரலுக்கு முன் வந்துவிடும்.